இருபத்திரண்டு வயசுக் கரண்டி

காலையில் ஒரு புது நாற்காலியைப் பழசு அண்ணன் கையில் கொடுத்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது மூன்று தலைமுறை உட்கார்ந்து எழுந்த நாற்காலியாகிவிடும். சினிமா செட்டில் அதுதான் அவர் வேலை. உப்புத்தாள், கம்பி பிரஷ், டீத்தூள் டிகாக்‌ஷன், செருப்புப் பாலிஷ், ஒரு பொட்டலம் புழுதி, இவ்வளவுதான் அவருடைய மொத்த ஆயுதங்கள். “அவர்கிட்ட குழந்தையைத் தூக்கிக் கொடுத்துடாதீங்க, தாத்தாவாக்கித் திருப்பிக் கொடுத்துடுவாரு” என்று லைட்மேன்கள் கிண்டல் செய்வார்கள். அவர் முறைப்பது போல் ஒரு பார்வை பார்ப்பார். உள்ளுக்குள் அது அவருக்குப் பட்டமளிப்பு விழா.

இப்படி ஊரார் சாமான்களை எல்லாம் பழசாக்குகிற மனுஷருக்குத் தன் வீட்டில் மட்டும் எதுவும் பழசாக இருக்கக் கூடாது. நாள் முழுக்கத் துருவையும் கறையையும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், கண்ணுக்குப் பளிச்சென்று நாலு பொருள் தெரிய வேண்டும் என்பார். சோபா உறையில் ஒரு நூல் பிரிந்தால் போதும், “இதைத் தூக்கிப் போட்டுடலாமே” என்று ஆரம்பித்துவிடுவார். அவர் மனைவி கணக்கு டீச்சர். “வேலைக்கு ஆகுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க” என்பாள். வேலைக்கு ஆகிறது என்றுதான் ஒவ்வொரு தடவையும் விடை வரும். சோபா இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவளிடம் ஒரு மரக்கரண்டி இருந்தது. கல்யாணம் ஆன மாதம் வாங்கியது. வாங்கும்போது அதன் வாய் முட்டை வடிவத்தில் இருந்ததாம். இருபத்திரண்டு வருஷம் இரும்புச் சட்டியைச் சுரண்டிச் சுரண்டி, ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து, பாதி தின்ற பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. காம்பு கறுத்து எண்ணெய் குடித்து மின்னும். வாயும் காம்பும் சேருகிற இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு தீக்காயம். அந்தக் கரண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதற்குப் போட்டியாக எவர்சில்வரில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, கைப்பிடியில் பூப்போட்டது ஒன்று என வாங்கி வந்து பார்த்தார். மூன்றும் இழுப்பறையில் நிம்மதியாகத் தூங்கின.

இந்த நிலையில்தான் அந்த இளைஞரின் படம் வந்தது. இயக்குநருக்கு அது முதல் படம். தாடி இப்போதுதான் முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. திரும்பி வராத புருஷனுக்காகக் காத்திருக்கிற ஒருத்தியின் சமையலறையைச் செட்டாகப் போட்டிருந்தார்கள். பழசு அண்ணன் பத்து நாள் பாடுபட்டு அந்த அறைக்கு வயசேற்றினார். அலமாரிக் கதவில் விரல் கறை, சுவரில் புகை, பலகையில் கத்தி வெட்டு, ஒன்றையும் விடவில்லை. இயக்குநர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மோவாயைத் தடவினார்.

“எல்லாம் பழசாதான் இருக்குண்ணே. ஆனா இங்க யாரும் வாழ்ந்த மாதிரி இல்லையே.”

“எப்படி சார்?”

“எல்லாத்துக்கும் ஒரே நாள்ல வயசான மாதிரி இருக்கு.”

இருபது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் காபியைக் கூடப் போட்டுக் குடிக்கவில்லை. போடத் தெரியாது என்பது வேறு விஷயம். மனைவி அன்று காலைதான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவுக்கு முட்டி ஆபரேஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் திரும்பி வருவாள். வெறும் வீட்டில் வெறும் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்தபோது, ஆணியில் தொங்கிய மரக்கரண்டி அவர் கண்ணில் பட்டது.

ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலம் திரும்ப மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தார். உலகத்தில் பாதி வம்பு இந்த நினைப்பில்தான் ஆரம்பிக்கிறது.

மறுநாள் புதன்கிழமை. செட்டில் கரண்டியை அடுப்போரம் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல் ஒதுங்கி நின்றார். இயக்குநர் உள்ளே வந்தார், நின்றார், கரண்டியைக் கையில் எடுத்தார். தேய்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். கேமராமேனைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

“அண்ணே, இது நீங்க பண்ணினதா?”

‘இல்லை சார், எங்க வீட்டுக்காரம்மாவோடது’ என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நேற்று வாங்கிய அடி இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

“ஆமா சார். நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்தேன்.”

“ஒரு மணி நேரத்துலயா?” இயக்குநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழசு அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படப்பிடிப்பு ஆரம்பித்தது. கதாநாயகி அந்தக் கரண்டியால் சட்டியில் கிண்ட வேண்டும். கிண்டினாள். கரண்டி சட்டியோடு ஒட்டவே மாட்டேன் என்றது. விளிம்பு எங்கேயோ தூக்கிக்கொண்டு நின்றது. “இந்தக் கரண்டி எனக்கு அடங்க மாட்டேங்குதே” என்றாள் அவள். இந்தப் பெண் பிறந்ததிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் போயிருக்காது போலிருக்கிறது என்று பழசு அண்ணன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

அப்புறம்தான் வினை. காட்சிப்படி, புருஷன் இனி வரமாட்டான் என்று அவளுக்குக் கடிதம் வருகிறது. அவள் அதைப் படித்துவிட்டு அழ வேண்டும். இயக்குநருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. “அழ வேண்டாம். அந்தக் கரண்டியை எடுத்து அடுப்புல வச்சிடுங்க. இத்தனை வருஷமா யாருக்காகக் கிண்டினோம்னு நினைச்சுக்குங்க” என்றார். செட்டில் இருந்தது நிஜ விறகு அடுப்பு, நிஜ நெருப்பு. பழசு அண்ணன் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். இயக்குநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“உங்களுக்கென்னண்ணே, ஒரு மணி நேரத்துல இன்னொண்ணு பண்ணிடுவீங்க.”

அவர் எடுத்து வைத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டார். எண்ணெய் குடித்த மரம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் பாத்திரக்கடையில் அதே மாதிரி மரக்கரண்டி மூன்று வாங்கினார். வியாழன், வெள்ளி, சனி, கையில் மூன்று நாள் இருந்தது. அரண்மனைக் கதவுக்கே ஐந்நூறு வருஷம் ஏற்றியவருக்கு ஒரு கரண்டி எம்மாத்திரம். அன்று ராத்திரியே முதல் கரண்டியை வழக்கம் போல உப்புத்தாளால் தேய்த்து, டிகாக்‌ஷனில் ஊறவைத்து, எண்ணெய் பூசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழசாகத்தான் இருந்தது. யாரும் வாழ்ந்த மாதிரி இல்லை. அந்தப் பையன் சொன்னது சரிதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது, அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

குறுக்கு வழி வேண்டாம், நேர்மையாகவே தேய்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, கட்டிட வேலை நடக்கிற இடத்திலிருந்து ஒரு வாளி மணல் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் விட்டு, இரண்டாவது கரண்டியால் கிண்ட ஆரம்பித்தார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிண்டத் தொடங்கியவர் சாயங்காலம் ஆறு மணிவரை கிண்டினார். அடுத்த நாளும் கிண்டினார். தோள்பட்டை வீங்கியது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டு நர்ஸ். இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவள்.

“சார், ரெண்டு நாளா மேல என்ன சத்தம்? தூங்கவே முடியல.”

அவர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து தலையை நீட்டினார். “சமையல்மா.”

“காலையிலேருந்தா?”

“கொஞ்சம் பெரிய சமையல்.”

நர்ஸ் அவருடைய வியர்த்த முகத்தைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒரு வாசனையும் வரவில்லை. போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கரண்டி தயார். ஒரு பக்கம் சாய்வாக, அதுவாகவே தேய்ந்திருந்தது. கட்டைவிரல் அழுத்துகிற இடத்தில் ஒரு சின்னக் குழி, அதுவும் அதுவாகவே விழுந்திருந்தது. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, கழுத்தில் பட்டாணி அளவுக்குச் சூடு வைத்தார். எண்ணெய் தடவி ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே கண்ணில் நீர் கட்டியது. வாழ்க்கையில் இதைவிட நல்ல வேலை அவர் செய்ததில்லை, இதை யாரிடமும் காட்டவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி வந்து சேர்ந்தாள். படியேறும்போது கீழே நர்ஸின் குரல் கேட்டது. “சாருக்கு இவ்வளவு சமைக்கத் தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. மூணு நாளா ஒரே சட்டி சத்தம்.” மனைவி என்ன பதில் சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்தவள் பையை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அக்கா எப்படி இருக்காங்க?” என்றார் அவர்.

“நடக்கிறாங்க. என்ன, காலுக்கடியில நறநறங்குது?”

“காத்துல மண்ணு வந்திருக்கும்.”

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குள் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். கண் பேப்பரில், காது சமையலறையில். வெங்காயம் நறுக்குகிற சத்தம் வந்தது. சட்டியில் எண்ணெய் சீறியது. கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டு நின்றது. மறுபடி இரண்டு. மறுபடி நின்றது. பிறகு அவள் கரண்டியோடு கூடத்துக்கு வந்து அவர் முன்னால் நின்றாள்.

“இது யாரோடது?”

“எது?”

“இந்தக் கரண்டி.”

“உன்னோடதுதான். வேற யாரோடது?”

“என்னோடது இல்லை. இது வேற யாரோ இருபது வருஷம் கிண்டின கரண்டி.”

பழசு அண்ணனின் உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபது வருஷம். வேறு யாரோ வாழ்ந்திருக்கிறார்கள். அந்தப் பையன் இதைக் கேட்டிருக்க வேண்டும். அடக்க அடக்க அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சிரிப்பை அவள் பார்த்தாள். அதோடு அவர் கதை கந்தலாகிவிட்டது.

அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கரும்பலகையில் கணக்குப் போடுகிற அதே நிதானம்.

“மூணு நாளா இந்த வீட்டுல சமையல் நடந்திருக்கு. உங்களுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அப்போ சமைச்சது வேற ஒருத்தர். அவங்க சொந்தக் கரண்டியோட வந்திருக்காங்க. போகும்போது என் கரண்டியை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. சரியா?”

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா.”

“அவங்க வலக்கைக்காரங்க.”

“அதெப்படிச் சொல்றே?”

“தேய்ஞ்ச பக்கத்தைப் பாருங்க. வலக்கையால கிண்டினா இப்படித் தேயும். என்னோடது இதுக்கு எதிர்ப்பக்கம் தேய்ஞ்சிருக்கும்.”

“நீயும் வலக்கைதானே?” என்றார் அவர்.

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கோ போய், அங்கே வேறொன்று வந்தது. கோபமே தேவலை என்று அவருக்கு இருந்தது.

“நான் எழுதுறது வலக்கை. சாப்பிடுறது வலக்கை. ரெண்டும் ஸ்கூல்ல அடிச்சு மாத்தினது. கிண்டுறது இடக்கை. சமையலறைக்குள்ள வந்து யாரும் பார்க்கலை, அதனால அது மட்டும் தப்பிச்சுது.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். “இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்க.”

எந்த நாற்காலியில் எந்தக் கை எங்கே பட்டிருக்கும் என்று சொல்லிச் சம்பாதிக்கிற மனுஷர் அவர். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் மறைக்கத் தெம்பு இல்லை. செட்டு, இயக்குநர், ஒரு மணி நேரப் புளுகு, அடுப்பு, மூன்று கரண்டி, ஒரு வாளி மணல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதை நீங்க பண்ணினீங்களா?”

“சத்தியமா.”

“மூணு நாள்ல?”

“கையைப் பாரு, கொப்புளம்.”

“சும்மா சொல்லாதீங்க. இது ஒருத்தங்க காலமெல்லாம் கிண்டின கரண்டி. கட்டைவிரல் குழி கூட இருக்கு. இதெல்லாம் செய்ய வராது.”

தன் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது என்பதும், அந்தப் பாராட்டாலேயே தன் குடும்பம் கவிழப் போகிறது என்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் புரிந்தது. அதற்குள் உள்ளே வெங்காயம் தீய்ந்த வாசனை வந்தது. அவர் அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். சட்டியில் கரண்டியை வைத்து ஒரு சுரண்டு சுரண்டினார். விளிம்பு சட்டியோடு ஒட்டிக்கொண்டு வழுக்கியது. ஒட்டியிருந்த வெங்காயம் ஒரே இழுப்பில் பெயர்ந்து வந்தது. கட்டைவிரல் தன் குழியில் போய் உட்கார்ந்தது. மூன்று நாள் பழக்கம், தோள் தானாகச் சுற்றியது.

அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையை, காம்பை, விரலை, மறுபடி கையை. மெதுவாக அவள் உதடு கோணியது.

“ஓ. அந்தப் பொம்பளை நீங்கதானா.”

அவர் மூச்சு விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தார். திரும்பினால், அவள் கண் நிறைந்திருந்தது. இவர் சொன்னது ஒன்று நிஜம் என்றால் மற்றதும் நிஜம்தானே. கணக்கு டீச்சருக்கு அது தெரியாதா?

“அப்போ என் கரண்டி நிஜமாவே எரிஞ்சுடுச்சு.”

“ஆமா.”

“எரியும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்துலதான் நின்னேன்.”

“எடுக்கலையா?”

“நான் பண்ணினதுன்னு சொல்லிட்டேனே.”

தான் சொன்னது தன் காதிலேயே அவ்வளவு அசிங்கமாக விழுந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையில் இருந்த கரண்டியின் கழுத்தைத் தொட்டாள். ஆணியால் வைத்த சூடு.

“இதைச் சரியா வச்சிருக்கீங்க. இந்தச் சூடு எப்போ பட்டுதுன்னு தெரியுமா?”

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“உங்களுக்கு முதல் படத்துல வேலை கிடைச்ச அன்னைக்கு. ஓடி வந்து என்னை அப்படியே தூக்கிச் சுத்தினீங்க. கரண்டி நெருப்புல கிடந்தது ரெண்டு பேருக்கும் தெரியல.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நான் சமைக்கும்போது நீங்க கடைசியா சமையலறைக்குள்ள வந்தது அன்னைக்குத்தான்.”

அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. கரண்டிதான் ஞாபகம் இல்லை. இத்தனை வருஷமாகத் தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று அவர் நச்சரித்தது அந்த நாளையும் சேர்த்துத்தான் என்று இப்போது தெரிந்து என்ன பயன்? “தப்புதாம்மா” என்றார்.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். மூன்றாவது கரண்டி கடைச் சீட்டோடு அப்படியே கிடந்தது. சீட்டைக் கிழித்து, கழுவி, துடைத்து இடக்கையில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒரு சொத்தை சொள்ளை இல்லாத முட்டை வாய்.

“குடு, நான் கொஞ்சம் உப்புத்தாளைப் போட்டு அந்தப் பக்கம்...”

“தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன். உங்க கரண்டி உங்க கையில இருக்கில்ல? வெங்காயத்தைக் கிண்டுங்க. இனிமே அது உங்க வேலை.”

அவர் வலது பக்க அடுப்பில் வெங்காயத்தைக் கிண்டினார். அவள் இடது பக்க அடுப்பில் சட்டியை வைத்தாள். இவர் வலக்கை, அவள் இடக்கை. அந்தச் சின்ன இடத்தில் இரண்டு பேர் நின்றும் ஒருவர் முழங்கை ஒருவரை இடிக்கவில்லை. புதுக் கரண்டி அவள் கையில் எங்கும் ஒட்டாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவர் கை அரித்தது.

“அது பழைய மாதிரி ஆக இன்னும் இருபத்திரண்டு வருஷம் ஆகும்மா.”

“ஆகட்டும். உங்களுக்கு ஏதாவது அவசர வேலை இருக்கா?”

அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். இப்போது ஐம்பத்து மூன்று. எழுபத்தைந்து வரும். அவள் இடக்கையை இன்னொரு தடவை பார்த்தார், இந்த முறை நன்றாக.

“இல்லை” என்றார். அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டுத் தொடர்ந்து கிண்டினார்.